எழுபத்திரண்டு பார் மௌனம்

பதினேழு, இரண்டு, மூன்று, நான்கு. பதினெட்டு, இரண்டு, மூன்று, நான்கு. எண்ணவேண்டிய அவசியமே இல்லை, காதுக்குள் இயர்போனில் கிளிக் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, வினாடிக்கு ஒரு டிக், நான்கு டிக் சேர்ந்தால் ஒரு பார், எழுபத்திரண்டாவது பார் நெருங்கும்போது அந்த மிஷின் குரலே ‘ஃபோர், த்ரீ, டூ, ஒன்’ என்று சொல்லிவிடும், சொன்னதும் வில்லைக் கம்பியில் வைத்தால் போதும். இருந்தாலும் ஜெசிந்தா எண்ணிக்கொண்டிருந்தாள். வயலினுக்கு அக்கா போல இருக்கிற வயோலாவை மடியில் நிறுத்திவைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பவள் வேறு என்னதான் செய்வாள். ஐம்பத்தாறு வயதில் இருபத்தெட்டு வருஷம் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தாயிற்று, அத்தனை வருஷத்திலும் அவள் ஓய்வு பார்களை எண்ணியதே கிடையாது. ஸ்டுடியோவில் எவன் எண்ணுவான். தப்பாக நுழைந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘ஒன் மோர்’ என்று ஒரு குரல் வரும், இரண்டு பார் முன்னாலிருந்து திரும்ப ஓடவிடுவார்கள், அவ்வளவுதான். இங்கே ஒன் மோர் கிடையாது. எதிரே இருட்டில் நானூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோர் முகமும் மேலே நிமிர்ந்திருக்கிறது, எல்லோர் முகத்திலும் நீலம் வழிகிறது. வாசிக்கிறவர்களுக்குப் பின்னால் மூன்று மாடி உயரத்துக்குத் திரை. அதில் என்ன ஓடுகிறது என்று மேடையில் இருக்கிற இருபத்திரண்டு பேருக்கும் தெரியாது. புள்ளிகள், கோடுகள், தண்ணீரில் மை கலைவது போல ஏதோ என்று பக்கத்து நாற்காலிக் கோதண்டம் ஒத்திகையில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அவனுக்கு அது பிடிக்கவில்லை. “ஒரு மனுஷ மூஞ்சிகூட இல்லக்கா, எதைப் பாக்குறதுன்னே தெரியல” என்றான். இருபத்தொன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அவன் இப்படிச் சொன்னது மட்டும் நிருபமாவுக்குத் தெரிந்தால் செத்துப்போவாள். முப்பது வயதுகூட இருக்காது, மேடையின் ஓரத்தில் இரண்டு லேப்டாப்புக்கு நடுவே சின்னதாக உட்கார்ந்திருக்கிறாளே அவள்தான், இசையும் அவள் எழுதியது, ஸ்பீக்கரிலிருந்து வருகிற சத்தமும் அவள் செய்தது, திரையில் ஓடுவதும் அவளுடையதுதான். நான்கு மூலையிலும் ஆள் உயர ஸ்பீக்கர். முதல் பத்து நிமிஷம் தந்திகள் தனியாக, பிறகு இந்த எழுபத்திரண்டு பார் சத்தமும் வெளிச்சமும் தனியாக, பிறகு இரண்டும் சேர்ந்து முடியும். அந்தச் சேர்க்கையை ஆரம்பித்துவைக்கிற ஒற்றைச் சுரம் ஜெசிந்தாவுடையது. விரல் வைக்காத அடிக்கம்பி, ஒரே வில், எட்டு பார், தன்னந்தனியாக. அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற இருபத்தொரு பேரும் உள்ளே வரவேண்டும். முதல் நாளே அவள் மறுத்தாள், “வயலின்ல யாருக்காவது குடும்மா, நாங்க எப்பவும் நடுவுல ஒளிஞ்சு வாசிக்கிறவங்க” என்றாள், உண்மையும் அதுதான், சினிமாப் பாட்டில் வயோலா சாம்பாரில் பெருங்காயம், இல்லாவிட்டால்தான் தெரியும். “அதுக்குத்தான் மேடம் உங்களைக் கேக்குறேன்” என்றாள் அந்தப் பெண், கண்ணைப் பார்த்துக்கொண்டு. அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு இடது காது போய்விட்டதம்மா, வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்று. ஒரே ஒரு வாக்கியம். மென்று முழுங்கிவிட்டுச் சரி என்று தலையாட்டினாள். இரண்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை அந்தத் தலையாட்டல்தான். இடது பக்கத்திலிருந்து யார் எது சொன்னாலும் லேசாகச் சிரித்து ஒரு தலையாட்டல். பாதிக் கேள்விகளுக்கு அது பொருந்திப்போகும், மீதிக்கு ஆட்கள் அவளை அமைதியானவள் என்று நினைத்துக்கொள்வார்கள். போன மாதம் இப்படி ஆட்டி ஆட்டியே மாதா கோயில் அசன விருந்தில் அறுபது பேருக்கு வெங்காயம் உரிக்க ஒத்துக்கொண்டுவிட்டாள். முப்பத்திரண்டு, இரண்டு, மூன்று, நான்கு.

ஒத்திகையில் நிருபமா ஒவ்வொரு தடவையும் கேட்டாள், “இந்த நடு பகுதி எப்படி மேடம் இருக்கு?” என்று. ரொம்ப நல்லாருக்கும்மா என்று இவளும் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். எப்படி இருக்கிறது என்று இவளுக்கு எப்படித் தெரியும். ஒரு காதில்தான் இயர்போன், அதை எல்லோரும் இடது காதில் மாட்டிக்கொண்டு வலது காதால் அரங்கத்தைக் கேட்கிறார்கள். இவளுக்கு வழியில்லை, இருக்கிற ஒரு காதையும் கிளிக்குக்குக் கொடுத்தாயிற்று, ரப்பர் முனை உள்ளே போய் அடைத்துக்கொண்டதும் வெளியே உலகம் கம்பளிக்குள் போய்விடும். ஸ்பீக்கர் அதிர்வது நாற்காலியின் காலில் தெரியும், அவ்வளவுதான். மூன்று நாளாக அந்தப் பெண்ணின் உழைப்பை இவள் காதுகொடுத்துக் கேட்கவே இல்லை, கேட்காமலே பாராட்டியிருக்கிறாள், நினைத்தால் வெட்கமாக இருந்தது. கிளிக்கை வாங்கி இயர்போனுக்குக் கொடுக்கிற, இடுப்பில் செருகியிருந்த ரிசீவர் வேறு சுட்டது. அதன் சத்தத் திருகை முழுக்கத் திருகிவைத்திருக்கிறாள், கடைசிக் கோடு வரைக்கும். சாயங்காலம் டீ குடிக்கும்போது சவுண்டு பார்க்கிற ஜாஹிர் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்தான், எல்லோருடைய ரிசீவரையும் வாங்கிப் புது பேட்டரி போட்டுக் கொடுத்தான். கொடுத்தால் திருகைப் பார்ப்பான், ஏன் மேடம் இவ்வளவு சத்தம் என்பான், பக்கத்தில் கோதண்டம் வேறு பஜ்ஜியோடு நின்றான். “என்னுது வேணாம்ப்பா, காலைலதான் மாத்தினேன்” என்று பூசி மெழுகினாள். ஜாஹிர் நம்பிவிட்டான். நல்ல பையன், பெரியவர்கள் சொன்னால் நம்பிவிடுகிற ரகம். முப்பத்தெட்டு, இரண்டு, மூன்று, நான்கு. முப்பத்தொன்பது, இரண்டு.

மூன்று வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள், ஒரு டிக் தவறினால் என்ன, அடுத்தது வரும், அதுவும் வரவில்லை. காதுக்குள் ஒன்றுமே இல்லை. இரைச்சல்கூட இல்லை. பேட்டரி, பேட்டரிதான், வேறென்ன, மூன்று நாள் பேட்டரி, அதிலும் முழுச் சத்தத்தில், நன்றாக வேண்டும் எனக்கு, பொய் சொன்ன வாய்க்கு இது வேண்டும். நாற்பது, இரண்டு, மூன்று, நான்கு, நாற்பதுதானா, இல்லை பயந்த நேரத்தில் ஒரு பார் ஓடிப்போயிற்றா. பேட்டரிதான். ஆனால் தீர்கிற பேட்டரி முதலில் கரகரக்கும், விட்டுவிட்டு வரும், ஸ்டுடியோவில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். இது கத்தியால் வெட்டியது போல நின்றது. அந்த டாக்டர் அம்மா, வடபழனியில், கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பீப் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றவள், பேப்பரில் ஒரு கோடு இறங்கிக்கொண்டே போவதைக் காட்டினாள். “வயலினெல்லாம் வாசிக்கிறவங்களுக்கு இடது பக்கம் இப்படி ஆகுறது உண்டும்மா. வலது காதைப் பத்திரமா பாத்துக்குங்க. அது எப்பயாவது திடீர்னு அடைச்ச மாதிரி ஆச்சுன்னா, நாளைக்குப் போகலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே ஓடிவாங்க” என்றாள். திடீர்னு. அந்த வார்த்தையை அவள் எத்தனை சாதாரணமாகச் சொன்னாள், அடுத்த ஆளை உள்ளே அனுப்பு என்பது போல. இன்று ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் இருக்கமாட்டாள். ஐயோ, என்ன நினைப்பு இது, பேட்டரி தீர்ந்ததற்கு டாக்டர் எதற்கு.

சோதித்துப் பார்த்துவிடலாம். பல்லைக் கடித்துப் பார்த்தாள், டக் என்று கேட்டது, ஆனால் எந்தக் காதில் கேட்டது. எச்சில் விழுங்கினாள், அதுவும் கேட்டது, மண்டைக்குள் கேட்பதையெல்லாம் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாளே. இயர்போனைக் கழற்றினால் தெரிந்துவிடும். ஒரு நொடி வேலை. அரங்கம் கேட்டால் பேட்டரி போயிற்று, கேட்காவிட்டால் காது போயிற்று. கை எழவே இல்லை. கழற்றாத வரைக்கும் அது பேட்டரி. கழற்றாத வரைக்கும் வீட்டில் குக்கர் விசில் கேட்கும், புருஷன் ராயப்பன் குளித்துக்கொண்டே பாடுகிற கண்றாவி கேட்கும், நாளை பாடம் கற்க வீட்டுக்கு வருகிற மூன்று பிள்ளைகள் வயலினைச் சுருதி சேர்ப்பது கேட்கும். நாற்பத்தாறோ ஏழோ. எதை எண்ணுகிறோம் என்பதே குழம்பியது, நெஞ்சு வேறு தன் பாட்டுக்குப் படபடவென்று ஒரு கிளிக் போட்டுக்கொண்டிருந்தது, அதை நம்பினால் பத்து பார் முன்னாலேயே போய் விழவேண்டியதுதான். பார்வையை ஓடவிட்டாள். முதல் வயலின்காரர் காதைச் சொறிந்துகொண்டிருந்தார், மனுஷனுக்கு மேடையில்தான் அரிக்கும். நிருபமாவைக் காணோம், மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினாள், பேனா விழுந்திருக்கும், எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது போலத் தெரிந்தது, திரையின் வெளிச்சம் அப்படி.

கேட்டுவிட்டால் என்ன. கோதண்டம் பக்கத்தில்தான் இருக்கிறான், அதே ஸ்டாண்டைப் பார்த்து எட்டு வருஷமாக வாசிக்கிறவன், பக்கம் புரட்டுகிறவன், அக்கா அக்கா என்று உயிரை விடுகிறவன். முதல் நாற்காலியில் உட்காருகிறவள் இரண்டாம் நாற்காலியில் இருப்பவனிடம் எத்தனையாவது பார் என்று கேட்பது கௌரவக் குறைச்சல், இருபத்தெட்டு வருஷத்தில் அவள் கேட்டதில்லை. கௌரவமாவது மண்ணாவது. லேசாகச் சாய்ந்து உதட்டை மட்டும் அசைத்தாள், “எத்தனை?” என்று. அவன் அவள் பக்கமாகக் குனிந்து வாயைக் கையால் மறைத்துக்கொண்டு என்னவோ சொன்னான். அவள் அதை முன்னாலேயே யோசித்திருக்கவேண்டும். அவன் உட்கார்ந்திருப்பது இடது பக்கம். சூடான மூச்சு காதில் பட்டது, பஜ்ஜி எண்ணெய் வாசம் வந்தது, சொல் மட்டும் வரவில்லை. ஒரு எண்ணைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது, என்னவோ நீளமாகச் சொன்னான், சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். அவள் என்ன செய்தாள். செய்யக்கூடாததைத்தான் செய்தாள். லேசாகச் சிரித்தாள், தலையாட்டினாள். அவன் முகம் தெளிந்தது, பெருமூச்சு விட்டுவிட்டு உடனே பின்னால் திரும்பிச் செல்லோக்காரரிடம் கிசுகிசுத்தான், அவர் பக்கத்து ஆளிடம், அந்த ஆள் அடுத்தவரிடம். போயிற்று. அக்காவுக்கு எண்ணிக்கை விட்டுப்போச்சு என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டாயிற்று. திரும்பவும் கேட்க முடியாது. ஒருமுறை கேட்டால் மறதி, இரண்டாம் முறை கேட்டால் செவிடு. இவ்வளவு பெரிய மேடையில், இத்தனை பேர் நடுவில், தன்னைப் போல ஒரு முட்டாள் உண்டா என்று அவளுக்கு அழுகை வந்தது.

அழக்கூடாது. ராயப்பன் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி, கட்டம் போட்ட சட்டை. நானூறு முகமும் திரையைப் பார்த்து அண்ணாந்திருக்க அந்த ஒரு முகம் மட்டும் தாழ்ந்து இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குப் படமும் தெரியாது, சங்கீதமும் தெரியாது, பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்கு நடுவே முப்பத்தைந்து வருஷம் இரும்பைத் தட்டியவர், எந்தக் கச்சேரிக்கு வந்தாலும் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் ‘நல்லா இருந்துச்சு, சாப்பிடப் போலாமா’ என்பார். அவரிடமும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது, இந்த எண்ணிக்கை கெட்ட இருட்டில், ஒன்று சட்டென்று உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அவர் இவளுக்கு இடது பக்கமாகத்தான் நடப்பார், அது அவர் பழக்கம், ரோட்டுப் பக்கம் தான் இருக்கவேண்டும் என்பார். ஒன்றரை வருஷமாக வலது பக்கம் நடக்கிறார். ரோடு எந்தப் பக்கம் இருந்தாலும் வலது பக்கம். கட்டிலிலும் இடம் மாறிப் படுத்துக்கொண்டார், மின்விசிறிக் காற்று அங்கேதான் நன்றாக வருகிறது என்று காரணம் சொன்னார், இவளும் நம்பினாள். அட மனுஷா. தெரிந்துகொண்டே ஒரு வார்த்தை கேட்காமல், ஏன் மறைத்தாய் என்று குத்திக்காட்டாமல், ஆளை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிவைத்துக்கொண்டு. அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது, கோபத்துக்கு அடியில் இருந்தது கோபம் இல்லை. தெரிந்துதான் போயிற்றே, இனி எதைக் காப்பாற்ற இந்தப் பாடு. காது போயிருந்தால் போயிருக்கிறது. போனதோடு வீட்டுக்கு நடந்து போக வலது பக்கம் ஒரு ஆள் இருக்கிறது. அவள் கையை உயர்த்தி, நானூறு பேருக்கும் தெரியும்படியாக, இயர்போனைப் பிடுங்கினாள்.

கேட்டது. முதலில் அவளுக்கு அது மட்டும்தான் தெரிந்தது, கேட்கிறது, ஆண்டவரே, கேட்கிறது, எது என்று தெரியவில்லை, ஆனால் அடைத்திருந்த கதவைத் திறந்ததும் தெரு உள்ளே வருவது போல வந்துகொண்டே இருந்தது. நாற்காலியில் தளர்ந்து சாய்ந்தாள். இதுவா அந்தச் சத்தம். மூன்று நாளாகக் கேட்காமல் பாராட்டியது இதையா. தகரத்தில் மழை விழுவது போல ஆரம்பித்து, இல்லை, மழை இல்லை, ஏதோ ஒன்று மெதுவாக ஏறி, வழுக்கி, திரும்ப ஏறி, இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. முதல் நாள் காலையில் நிருபமா கையில் ஒரு குட்டி மைக்கோடு வந்து ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டிக்கொண்டு நின்றாள், எல்லோரும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதைத்தான் இழுத்து இழுத்து இவ்வளவு நீளமாக்கியிருக்கிறாள். இருபத்திரண்டு பேரும் தங்கள் இடத்தைத் தேடிப் போகிற சத்தம். ஒரு கம்பி கொஞ்சம் கீழே இருந்து தவித்தது, மேலே போய்த் தாண்டிவிட்டது, வெட்கப்பட்டு இறங்கியது, அமர்ந்தது. அது அமர்ந்ததும் இன்னொன்று. அது கோதண்டத்தின் வயோலா, அவன் எப்போதும் திருகை அதிகம் திருகிவிட்டு இறக்குவான், சந்தேகமே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எதிரே முகங்களில் இருந்த நீலம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றாக எல்லாம் அமர்ந்தன, வயலின்கள், செல்லோக்கள், பெரிய பாஸ்கூட, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி நின்றன. தன்னுடையது எங்கே என்று தேடினாள். தன்னுடைய மேல்கம்பிகள் மூன்றும் இருந்தன. அடிக்கம்பி இல்லை. நன்றாகக் கேட்டாள், இல்லை. அந்த இடத்தை மட்டும் அந்தப் பெண் காலியாக விட்டிருந்தாள், பந்தியில் இலை போட்டு ஆள் வராத இடம் போல, அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் அந்தப் பள்ளம் துல்லியமாகத் தெரிந்தது. இது எத்தனையாவது பார்? தெரியாது. எழுபத்திரண்டா, எழுபதா, எண்பதா, தெரியவே தெரியாது. வயோலாவைத் தோளில் ஏற்றினாள். கோதண்டத்தின் உடம்பு விறைப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. மூச்சை இழுத்து, வில்லின் அடிப்பகுதியை அந்தக் கம்பியில் வைத்து, இழுத்தாள்.

ஒன் மோர் வரும் என்று உடம்பு காத்திருந்தது. இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம், முதுகே கூசியது. வரவில்லை. சுரம் தாடையில் அதிர்ந்தது, கழுத்தெலும்பில் இறங்கியது, பிறகு ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டது, எங்கே கம்பி முடிகிறது, எங்கே மிஷின் ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியவில்லை. எதிரே முகங்கள் ஒன்றொன்றாகத் திரையிலிருந்து கீழே இறங்கி அவளிடம் வந்தன. நிருபமா இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள். எட்டு பார் முடிந்ததோ ஒன்பதோ, வில்லை லேசாகத் தூக்கிக் காட்டினாள், வருகிறீர்களா என்பது போல, மொத்தப் பேரும் அந்த வில்லோடு வந்து சேர்ந்தார்கள், ஒரு ஆள் முந்தவில்லை, ஒரு ஆள் பிந்தவில்லை. அப்புறம் கொஞ்ச தூரம் போனதும் வயலின்கள் மட்டும் தனியாகப் போகிற இடம் வந்தது, வயோலாவுக்கு ஆறு பார் ஓய்வு. கோதண்டம் பக்கத்தைப் புரட்டிவிட்டு, குனிந்து, வாயை மறைத்துக்கொண்டு என்னவோ சொன்னான். வழக்கமான சிரிப்பு உதட்டுக்கு வந்துவிட்டது. அதை அங்கேயே நிறுத்தினாள். முகத்தை முழுக்கத் திருப்பி வலது காதை அவனிடம் கொடுத்தாள்.

“இந்தப் பக்கம் சொல்லு. அந்தக் காது எனக்குக் கேக்காது.”

அவன் கண் ஒரு நொடி விரிந்தது. “ஒண்ணுமில்லக்கா” என்றான், இந்தக் காதுக்குள். “அந்த முப்பத்தொம்பதுல எல்லாருக்குமே கிளிக் செத்துப்போச்சுல்ல, என்ன பண்றதுன்னு தெரியாம கையும் ஓடல காலும் ஓடல. உங்ககிட்ட சொன்னேன், எல்லாருக்கும் நின்னுடுச்சு, நீங்க பாத்துக்குவீங்களான்னு. நீங்க சிரிச்சுட்டே தலையாட்டினீங்க பாருங்க, அப்பத்தான் உயிரே வந்துச்சு. பின்னாடி எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், அக்கா பாத்துக்குறாங்கன்னு.”

இருபத்தொரு பேர், காதில் ஒன்றுமில்லாமல், அவளுடைய தலையாட்டலை நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஜெசிந்தா இடுப்பில் சுட்டுக்கொண்டிருந்த ரிசீவரைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் கட்டம் போட்ட சட்டை இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு பார் இருந்தது, வயலின்கள் இறங்கி வந்துகொண்டிருந்தன.

“அடுத்ததுக்கும் உங்களைப் பாத்துத்தான் வரணும், பாத்துக்குவீங்களாக்கா?” என்றான் கோதண்டம்.

அவள் தலையாட்டினாள். இந்தத் தடவை கேட்டுவிட்டு.